எதிர்க்காற்றும் வாடகை சைக்கிளும்

ஆனி பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் காற்று வைத்ததுதான் சட்டம். குமுளி மலைப் பக்கமிருந்து இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராகப் புழுதி கிளப்பிக்கொண்டு தேனி வரைக்கும் வரும். அந்த மாதங்களில் சின்னமனூரிலிருந்து வீரபாண்டிக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். திரும்பும்போது நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். நிலமும் அதற்கு உடந்தை. முல்லைப் பெரியாறு ஓடுகிற திசையில் பூமி சரிந்து கிடப்பதால், போவது இறக்கம், வருவது மேடு.

எங்கள் தெருவில் அப்போது சொந்த சைக்கிள் வைத்திருந்த வீடுகள் குறைவு. கல்யாணப் பத்திரிகை கொடுக்க, தோட்டத்துக்கு மோட்டார் போட, மருந்து வாங்க என்று எதற்கும் வாடகை சைக்கிள்தான். பின் மட்கார்டில் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். கடைக்கார மாமா நீள நோட்டில் பெயர், அப்பா பெயர், எடுத்த நேரம் மூன்றையும் எழுதிக்கொள்வார். முன்பணம் கேட்கமாட்டார். யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் ஜாமீன். காற்றுக் காலத்தில் வீரபாண்டிக்குப் போகிறேன் என்றால், “வரையில எதிர்க்காத்துடா, வெரசா வர முடியாது. அரை மணி கழிச்சுக்கிறேன், பைய வா” என்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. முன் டயரையும் பின் டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் எந்த வண்டியையும் கடையைவிட்டு வெளியே விடமாட்டார். சாயங்காலம் எல்லா வண்டியும் திரும்பிய பிறகு, காற்று இறங்கியதைத் தனியே சாய்த்து வைப்பார். டியூபை உருவி, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்புவார். குமிழ் வருகிற இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, துடைத்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஊதிக்கொண்டிருப்பார். ஊரே அவர் வண்டியை நம்பி ஏறியதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்ச் சட்டி.

பாரிஸ் நகரத்தில் 2007 ஜூலையில் வெலிப் என்ற பொது சைக்கிள் திட்டம் தொடங்கியபோது பத்திரிகைகள் வியந்து எழுதின. ஓர் இடத்தில் சைக்கிளை எடுத்து இன்னோர் இடத்தில் விடலாம், சந்தா கட்டியவருக்கு முதல் அரைமணி நேரம் இலவசம் என்றார்கள். அதற்கும் முன்னால், 1965-இல், ஆம்ஸ்டர்டாமில் சில இளைஞர்கள் சைக்கிள்களுக்கு வெள்ளை அடித்து, பூட்டாமல் தெருவில் விட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம் என்பது அவர்கள் கொள்கை. பூட்டாத வண்டி சட்டப்படி குற்றம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. அதையெல்லாம் படித்தபோது என் நினைவுக்கு வந்தது எங்கள் ஊர் நோட்டுதான். ஒரு வண்டியைப் பலர் மாற்றி மாற்றி ஓட்டுவது இந்தப் பள்ளத்தாக்கு நன்றாக அறிந்த சங்கதி.

இல்லாதது ஒன்றே ஒன்று. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரும் வசதி. காற்றோடு போய், வேலையை முடித்து, வீரபாண்டியில் சைக்கிளை நிறுத்திவிட்டு பஸ் ஏறி ஊர் திரும்ப முடிந்திருந்தால் என்று எதிர்க்காற்றில் மிதிக்கும்போதெல்லாம் ஆசைப்பட்டிருக்கிறேன். இன்றைய பொது சைக்கிளின் உயிரே அந்த ஒருவழிப் பயணம்தான். நகரத்தில் ஒருவர் அதில் சேர்வதற்குப் பெரிய காரணமும் அதுவே. ரயிலைவிட்டு இறங்கியதும் எடுக்கலாம், அலுவலக வாசலில் விடலாம். அதன் பிறகு அது அவர் கவலை இல்லை. ஸ்டாண்டுக்குக் காசு இல்லை, திருட்டுப் பயம் இல்லை, பஞ்சர் செலவு இல்லை. வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லாதவருக்கும், மாடியில் ஒற்றை அறையில் குடியிருப்பவருக்கும் இது எவ்வளவு பெரிய உபகாரம்!

மைசூரில் 2017 ஜூனில் ட்ரின் ட்ரின் என்ற பெயரில் 450 சைக்கிள்களோடு இது வந்தது. சென்னையில் 2019-இல் ஸ்மார்ட்பைக் வந்தது. கோவையில் 2018-இல் ஓஃபோ நிறுவனத்தின் மஞ்சள் சைக்கிள்கள் தெருவெங்கும் நின்றன. அதே ஆண்டில் அந்த நிறுவனம் இந்தியாவைவிட்டே போய்விட்டது. கைபேசியால் பூட்டைத் திறக்கலாம். ஆனால் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு தடவை காற்றில்லாத வண்டி கிடைத்தால் மூன்றாம் தடவை யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள். தண்ணீர்ச் சட்டி இல்லாத சைக்கிள் கடை எந்த ஊரிலும் நிலைத்ததில்லை.

மாமாவின் கடையில் பெண்கள் வந்து வண்டி எடுத்து நான் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. பஸ்ஸுக்காகக் காத்து நிற்காமல் தண்ணீர்க் குடத்தோடும் காய்கறியோடும் அவர்களே மிதித்துப் போனார்கள். பிறகு அரசின் விலையில்லா மிதிவண்டி வந்தது. இன்று தேனி மாவட்டத்தில் பள்ளி விடுகிற நேரத்தில் சாலையோரம் நின்று பாருங்கள், இரட்டைப் பின்னலோடு வரிசையாக வருவார்கள். ப்ளஸ் டூ முடிந்ததும் அந்த சைக்கிள் தம்பிக்குப் போகும், அல்லது திண்ணையில் துருப்பிடிக்கும். ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறையே ஊருக்குள் இருக்கிறது. கையில் வண்டிதான் இல்லை.

தேனிக்கும் இப்போது வேளை வந்திருக்கிறது. அகலப்பாதைப் பணிக்காக ஒரு பத்தாண்டுக்கு மேல் ரயிலே இல்லாமல் கிடந்த ஊருக்கு 2022 மே மாதம் ரயில் திரும்பியது. 2023 ஜூனில் அது போடி வரை போனது. புதிய பேருந்து நிலையம் பென்னிகுயிக் பெயரைத் தாங்கிப் புறவழிச் சாலையில் நிற்கிறது. ரயிலடி ஓரிடம், பஸ் ஸ்டாண்ட் ஓரிடம், நேரு சிலையும் கடைத்தெருவும் வேறிடம். இடைப்பட்ட தூரம் நடக்கக் கொஞ்சம் அதிகம், ஆட்டோ பிடிக்கக் கொஞ்சம் குறைவு. இரண்டு கிலோமீட்டருக்காக ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கடன் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் ஏது?

தேனி அல்லிநகரம் நகராட்சி இதைக் கையிலெடுக்க வேண்டும். ரயிலடியிலும் பேருந்து நிலையத்திலும் நேரு சிலையருகிலும் அரசு அலுவலகங்களின் வாசலிலும் கொஞ்சம் சைக்கிள்கள் போதும். ஆண்களுக்கான கம்பி வைத்த வண்டிகளாக அல்லாமல், சேலை கட்டியவரும் வயதானவரும் ஏறக்கூடிய வண்டிகளாக அவை இருக்கட்டும். கைபேசி இல்லாதவருக்கு ஒரு நோட்டு இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் பம்ப்போடும் தண்ணீர்ச் சட்டியோடும் சம்பளத்துக்கு ஓர் ஆளை உட்கார வையுங்கள். தொழில் தெரிந்த பழைய சைக்கிள் கடைக்காரர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வேலையை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள்.