நீங்க எப்பப் போவீங்க, டீச்சர்?

2024 ஜூலை 8, திங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு மலையேற்றம். வெள்ளிமலையில் பேருந்தை விட்டு இறங்கி ஜீப் பிடித்தால் என் புதிய பள்ளி. ஈராசிரியர் பள்ளி. நான்காம், ஐந்தாம் வகுப்புகளைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொள்கிறார். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில் என்னிடம்.

"அடங்காத பிள்ளைங்க" என்று கீழேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். ஒருவன் வாசலை விட்டு உள்ளே வரவே இல்லை. சாக்பீஸுக்காக ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நீங்க எப்பப் போவீங்க, டீச்சர்?"

குரலில் கேலி இல்லை. பேருந்து நேரம் விசாரிப்பது போலத்தான் கேட்டாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஆசிரியர்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மலைக்கு வருபவர்களில் பலர் அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் கீழே இடம் கேட்பார்கள். நடுவில் மாற்றுப் பணியில் யாராவது வந்து போவார்கள். "இங்கதான் இருப்பேன்" என்றேன். அவள் நம்பவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இன்னும் வரவில்லை.

ஜூலை 10, புதன்

பேரனைக் கொண்டுவந்து விட்ட தாத்தா ஒருவர் சொன்னார்: "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிடுங்க, டீச்சரம்மா." பேரன் படிக்க வேண்டும் என்ற ஆசையில் சொன்ன சொல் அது. அவர் சிறுவனாக இருந்தபோது இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976இல்தான் அரசு பொறுப்பெடுத்தது. அதிகாரம் என்றால் அதட்டலும் அடியும் என்று பார்த்து வளர்ந்த தலைமுறை.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு பிள்ளையின் உடலையும் மனத்தையும் வருத்தும் தண்டனைகளைத் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் பிரம்பை எடுக்கமாட்டேன். அடிக்கு அடங்கும் வகுப்பு, அடிப்பவர் போன மறுநாளே பழையபடி ஆகிவிடும். இந்தப் பிள்ளைகளிடமிருந்து ஆட்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நாள்தோறும் மாறாமல் நடக்கும் சில காரியங்கள். காலையில் வட்டமாக உட்கார்ந்து ஒரு பாட்டு. வராத பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஏன் வரவில்லை என்று கேட்பது. மாலையில் மறுநாள் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லி அனுப்புவது. சொன்னதை மறுநாள் செய்துவிடுவது.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள், கல்வி வளர்ச்சி நாள். ஒரு வாரம் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. பதினொரு மணிக்குத் தொடங்கும் சண்டைகளில் பெரும்பாலும் அதே சில பிள்ளைகள். எல்லோரும் தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்து வருபவர்கள். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவு உண்டு. ஆனால் இவர்கள் வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது. சமைக்கும் மகளிர் குழு அக்காவிடம் பேசினேன். "இதுக்கென்ன டீச்சர், எடுத்து மூடி வெச்சிடுறேன்" என்றார். இன்று ரவா உப்புமாவைத் தாமதமாகத் தின்றவர்கள் பதினொரு மணிக்கு யாரையும் கிள்ளவில்லை. பிள்ளையின் குணம் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி பசியாக இருக்கலாம்.

ஜூலை 24, புதன்

குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா எழுதிய 'பகல் கனவு' நூலைத் தமிழிலும் ஆசிரியர்கள் பலர் வாசித்திருக்கிறார்கள். அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்றதும் முதலில் அமைதி விளையாட்டை நடத்திப் பார்க்கிறார். வகுப்பு ரணகளமாகிறது. அடுத்து அவர் கதை சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள் நகர மறுக்கிறார்கள்.

இங்கே கதை சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆயாவை அழைத்து வந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறிய கதையை, இங்குள்ள பழங்குடியினரான மலையாளி மக்கள் தம் முன்னோரைப் பற்றிச் சொல்லும் கதையை, அவர் வீட்டில் பேசுகிறபடியே சொன்னார். ஜன்னல் கம்பியிலிருந்து இருவரும் தாமாக இறங்கி வந்தார்கள்.

போன மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபது உயிர்களுக்கு மேல் பறித்தது. அதிலிருந்து இந்த மலையின் பெயர் செய்தியில் வந்தாலே சாராய ஊறலும் போலீஸ் சோதனையும்தான். இந்தப் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தங்கள் மலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவர்களுக்கு வேறு கதைகள் இருக்கின்றன என்பதைப் பள்ளிதான் உறுதியாக்க வேண்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிப்பதில்லை. எட்டியிருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்பிலும் அரும்பு நிலையில் சிலர் இருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளோடு உட்கார அவர்களுக்குக் கூச்சம். கூச்சப்படுபவன்தான் முதலில் கத்துகிறான். அதனால் பாட்டுக்கும் கதைக்கும் எல்லோரும் கலந்து உட்கார்கிறார்கள். எழுத்துக்கு மட்டும் குழு பிரிகிறது.

வாசலை விட்டு வராத பையனுக்கு இன்று ஒரு வழி கிடைத்தது. ஜீப் சத்தம் கேட்டால் ஓடிவிடுவான். அப்பாவும் அம்மாவும் திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனது ஒரு ஜீப்பில். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், பிள்ளையின் ஆசையிலும் பயத்திலும் ஊறிய சொற்களையே முதல் வாசிப்பாகக் கொடுத்தவர். 1963இல் வந்த 'டீச்சர்' நூலில் அதை விவரித்திருக்கிறார். அவனிடம் "உனக்கு என்ன எழுதணும்?" என்று கேட்டேன். "ஜீப்பு." அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துத் தரையெல்லாம் எழுதினான். அடுத்து "அம்மா" கேட்டான். பாடநூலின் முதல் பக்கங்களில் அந்தச் சொல் எத்தனையோ முறை அவனைக் கடந்து போயிருக்கும். இன்று அவனே கேட்டு வாங்கினான்.

அக்டோபர் 9, புதன்

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தால் கழித்தல் மறந்துபோயிருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் கடுக்காயும் புளியும் எடை போடுவதைப் பார்த்து வளர்பவர்கள். ஒரு சட்டம் போட்டோம்: ஒரு கடுக்காய்க்குப் பத்துப் புளியங்கொட்டை. 32 என்றால் மூன்று கடுக்காய், இரண்டு கொட்டை. அதிலிருந்து ஏழு கொட்டை தரவேண்டும். கையில் இருப்பது இரண்டு. என்ன செய்வது?

"ஒரு கடுக்காயை மாத்தணும் டீச்சர்!" அரும்பு நிலையில் இருக்கும் மூன்றாம் வகுப்புப் பையன்தான் கத்தினான். மாற்றினால் பன்னிரண்டு கொட்டை. ஏழு போனால் ஐந்து. மீதி இரண்டு கடுக்காய், ஐந்து கொட்டை. கடன் வாங்கிக் கழித்தலைக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கும்போது பத்து எங்கிருந்து வந்தது என்பது பிள்ளைக்குத் தெரிவதில்லை. இங்கே அது உள்ளங்கையில் இருக்கிறது. எழுத்தில் பின்தங்கிய அவன் கணக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். வகுப்பில் சத்தம் இருந்தது. வேலை நடக்கும் இடத்தின் சத்தம்.

டிசம்பர், முதல் வாரம்

ஃபெஞ்சல் புயல் மழை மாவட்டத்தையே முழுக்காட்டியது. விடுமுறை முடிந்து மேலே வந்தேன். பள்ளிக்கு முன்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். "டீச்சர் வந்துட்டாங்க!" என்று மற்றவர்களை அழைக்க இருவர் ஓடினார்கள். முன்பு வாசலுக்கு வெளியே ஓடியவன் இன்று எனக்கு முன்னால் உள்ளே போய்ப் பாயை விரித்துவிட்டான். வகுப்பு எப்போது என் வகுப்பானது என்று யாராவது கேட்டால் இந்த வாரத்தைச் சொல்வேன்.

2025 ஜனவரி, பொங்கலுக்குப் பின்

மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் குடும்பங்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் கிளம்பும் காலம். பிள்ளையையும் கூட்டிப்போனால் பதிவேட்டில் நீண்ட நாள் வராதவர், பிறகு இடைநின்றவர். தலைமையாசிரியரும் நானும் வீடு வீடாகப் போனோம். ஆயா இருக்கும் வீட்டில் பிள்ளையை விட்டுப் போகச் சொன்னோம். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் விவரத்தைச் சொன்னோம். ஒரு தாய் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்க இருப்பீங்கல்ல?" அடுத்த ஜூனிலும் இருப்பேன் என்றேன். மகளை விட்டுப் போனார். வகுப்பறையில் நாம் சம்பாதிக்கும் நம்பிக்கை பெற்றோரின் முடிவு வரை போகிறது.

ஏப்ரல்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் என்று ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தச் சொல்லில் வாசிக்கத் தொடங்கியது, கணக்கில் எங்கே நிற்கிறது, எது பயம், யார் வீட்டில் பார்த்துக்கொள்கிறார்கள், காலையில் சாப்பிட்டு வருமா என்று எழுதியிருக்கிறேன். கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகையும் மதிப்பெண்ணும் இருக்கும். இவை இருக்காது. என்றாவது நான் போகும்போது அடுத்து வருபவரிடம் இந்த நோட்டு கைமாற வேண்டும்.

மாறுதல் கேட்பது ஆசிரியரின் உரிமை. மலையில் தங்க வீடு இல்லாமல், சொந்தக் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு வேலை செய்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அரசிடம் கேட்பது மூன்றுதான். மலைப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை மூன்றாம் வகுப்பை முடிக்கும்வரை அதே ஆசிரியர் இருக்க வழி செய்யுங்கள். அவர் தங்குவதற்குப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீடு கொடுங்கள். மாறியே ஆக வேண்டுமென்றால் போகிறவரும் வருகிறவரும் ஒரு வாரமாவது ஒரே அறையில் இருக்கட்டும். அடங்காத வகுப்பு என்று நாம் பெயர் வைத்திருக்கும் பலவற்றில், பிள்ளைகள் ஒருவர் நிலைத்து நிற்கிறாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.