மகன் சொல்லாமல் விட்டது

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு நடந்துபோகிற வழியில், ஜாலியன்வாலா பாகுக்குக் கொஞ்சம் முன்னால், செங்கல் கட்டடமாக நிற்கிறது பழைய டவுன் ஹால். பெரும்பாலான பயணிகள் அதன் பக்கம் திரும்புவதில்லை. கோயிலில் கும்பிட்டு, லங்கரில் சாப்பிட்டு, துப்பாக்கிக் குண்டு துளைத்த சுவரைப் பார்த்துவிட்டு, மாலைக்குள் அட்டாரி எல்லைக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு.

அந்த டவுன் ஹாலுக்குள்தான் பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 17-ல் திறந்துவைக்கப்பட்டது. தேதியில் ஒரு கணக்கு உண்டு. ராட்கிளிஃப் போட்ட எல்லைக்கோடு எந்த ஊரை எந்தப் பக்கம் தள்ளியது என்பது ஜனங்களுக்குத் தெரிந்தது 1947 ஆகஸ்ட் 17-ல்தான். அதாவது, சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து.

நமக்குப் பிரிவினை என்பது சரித்திரப் புத்தகத்தில் ஒரு பாடம். இடம்பெயர்ந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல், மாண்டவர்கள் இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். மாண்டவர் கணக்கில் இத்தனை பெரிய இடைவெளி ஏன் என்று வகுப்பில் யாரும் கேட்டதாக நினைவில்லை. எண்ணி வைக்க ஆள் இல்லை என்பதுதான் விஷயம். சொல்ல ஆள் இருந்தார்கள். கேட்கத்தான் ஐம்பது வருஷம் ஆயிற்று.

அருங்காட்சியகத்தில் ராஜாக்களின் வாள் கிடையாது. ஓடி வந்தவர்கள் கையில் எடுத்துவந்த பொருட்கள்தான். ஒரு பெண்ணின் புல்காரி வேலைப்பாடு செய்த கோட்டு. பக்கத்தில் ஒரு தோல் பெட்டி. இரண்டும் வெவ்வேறு ஆட்களுடையவை. கலவரத்துக்கு முன்னால் இவளை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் உயிர் தப்பி வந்தார்கள். அவள் கையில் கோட்டு. அவன் கையில் சர்ட்டிபிகேட்டுகள் அடங்கிய பெட்டி. அமிர்தசரஸ் அகதி முகாமில் இருவரும் மறுபடி சந்தித்து, 1948-ல் மணந்துகொண்டார்கள். இந்தக் கதையை யாரும் சொல்லியிராவிட்டால் அங்கே இருப்பது ஒரு பழைய கோட்டும் ஒரு தேய்ந்த பெட்டியும்தான்.

சுவரெங்கும் திரைகள். வயசானவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சாபி தெரியாவிட்டாலும் நின்று பார்க்கலாம். பேச்சு ஓரிடத்தில் நிற்கும். கை தலைப்பாகையைச் சரிசெய்யும். பிறகு வேறு எதையோ சொல்ல ஆரம்பிப்பார்கள்.

உள்ளே ஒரு கிணறும் கட்டி வைத்திருக்கிறார்கள். எட்டிப் பார்க்காமல் யாரும் நகர்வதில்லை. மானத்தைக் காக்கக் கிணற்றில் குதித்த பெண்களின் நினைவு அது. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்து தோவா கால்சா கிராமத்தில் சுமார் தொண்ணூறு பெண்கள் அப்படிக் குதித்தார்கள். குருத்வாராக்களில் இன்றும் தியாகமாகப் பேசப்படும் சம்பவம்.

ஆனால் அந்தக் கிணற்றில் பிழைத்தவர்களும் உண்டு. உடல்கள் நிரம்பிப்போனதால் கடைசியில் குதித்தவர்கள் மூழ்கவில்லை. அப்படிப் பிழைத்த ஒரு தாயையும் அவருடைய மகனையும் சந்தித்துப் பேசியிருக்கிறார் ஊர்வசி புட்டாலியா. 1984-ல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது நிவாரண வேலைக்குப் போனவர் அவர். இது மறுபடியும் பிரிவினை மாதிரி இருக்கிறது என்று முதியவர்கள் சொல்லக் கேட்டு, அந்தப் பழைய கதைகளைத் தேடிப் புறப்பட்டார். 1998-ல் அது புத்தகமாக வந்தது. தன் கூடப் பிறந்தவளை அப்பாவே வாளால் வெட்டியதை அந்த மகன் பெருமையோடு விவரித்தார். அவள் தலை குனிந்து நின்றதுகூட வீரம்தான் அவருக்கு. கிணற்றிலிருந்து உயிரோடு வெளியே வந்த அம்மாவைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. செத்தவள் தெய்வமானாள். பிழைத்தவளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை போலும்.

வாய்மொழி வரலாறு சேகரிப்பது என்றால் டேப் ரிக்கார்டரை எதிரே வைத்துவிட்டு உட்காருவது என்று நினைக்கிறோம். அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கதை மாறும் என்பது புட்டாலியாவின் அனுபவம். ஆண்கள் இருந்தால் பெண்கள் டீ போட எழுந்துவிடுவார்கள். அல்லது வீட்டுக்காரர் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள். தனியாகப் பேச வாய்ப்பதே அரிது. கடத்தப்பட்ட பெண்களின் விஷயம் இன்னும் மோசம். 1949-ல் தனிச் சட்டம் போட்டு அவர்களை மீட்டார்கள். திரும்ப விருப்பமா என்று கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதன் பிறகு அவர்களில் பலர் வாயைத் திறக்கவில்லை.

இப்போது சேகரிப்பவர்களுக்குக் கஷ்டம் வேறு. 1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ் என்ற அமைப்பைத் தொடங்கிய குனீதா சிங் பல்லா, 2008-ல் ஹிரோஷிமா நினைவிடத்தில், குண்டு வீச்சில் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைக் கேட்டவர். நம்மிடம் இப்படி ஒன்று இல்லையே என்ற ஆதங்கத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஆரம்பித்தார். பயிற்சி பெற்ற தொண்டர்கள் பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பேட்டிகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெரிய சாதனைதான். ஆனால் 1947-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை ஒட்டி நிற்கிறார். எனவே இன்று கிடைப்பது குழந்தைகள் கண்ட பிரிவினை: விட்டுவந்த ஆட்டுக்குட்டி, ரயிலில் தாகம், சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று அப்பா பூட்டிய வீடு. வாளை எடுத்தவர்களும், அதற்குக் கழுத்தை நீட்டியவர்களின் தாய்மார்களும் போய்விட்டார்கள். கேட்க வேண்டிய காலத்தில் நாடு அணை கட்டுவதில் மும்முரமாக இருந்தது.

கேட்டுப் பதிந்ததையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. புட்டாலியாவின் தாய்மாமன் பிரிவினையின்போது லாகூரிலேயே தங்கி முஸ்லிமாக மாறியவர். பாட்டியும் அவரோடு அங்கேயே தங்கிவிட்டார். நாற்பது வருஷம் கழித்து 1987-ல் மருமகள் கதவைத் தட்டினார். மாமா மனம் திறந்து பேசினார். அதை அச்சில் ஏற்றுவது நியாயமா என்ற தயக்கத்தை அவர் புத்தகத்தில் மறைக்கவில்லை. புத்தகம் நமக்கு லாபம்தான். ஆனால் அக்கம்பக்கத்தாரோடு அதே தெருவில் வாழ வேண்டியவர் மாமா அல்லவா?

டவுன் ஹாலில் கடைசியாக ஒரு மரம் செய்து வைத்திருக்கிறார்கள். இலை வடிவக் காகிதத்தில் பார்வையாளர்கள் எதையாவது எழுதிக் கட்டலாம். பெரும்பாலும் சமாதானம், ஒற்றுமை என்று நாம் எங்கும் எழுதுகிறதுதான். ஓர் இலையில் மட்டும் ஆங்கிலத்தில் ஒரு கிராமத்தின் பெயர், தாசில், ஜில்லா. தபால் போடுவதற்கான விலாசம் போல. எழுதியவர் பெயர் இல்லை.

வெளியே வந்தபோது அட்டாரிக்குப் போகும் வேன்காரர்கள் ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.