சிறு படகின் பெருவெப்பம்

ஓய்வுக் காலத்தில் எனக்கு வாய்த்த தோழமை, வானொலி அலையால் ஆட்சி செய்யப்படும் பெற்றோல் மாதிரிப் படகுகளே. 1898ஆம் ஆண்டில் நிக்கொலா தெஸ்லா நியூயோர்க்கிற் காட்டிய படகு மின்கலத்தால் ஓடியது. அதற்குப் புகையுமில்லை, புகையின் வெப்பமுமில்லை. எம் படகிலோ எஞ்சினின் புகைக்குழாய் பலநூறு பாகை சூடேறும். 183 பாகை செல்சியஸில் உருகும் ஈயப்பற்று அங்கே நில்லாது; வெள்ளிப்பற்றே வேண்டும்.

இதற்குப் பரிகாரம் படகு மிதக்கும் நீரேயாம். சுக்கானருகே வாய்திறந்த சிறுகுழாயினுள் படகின் ஓட்டமே நீரை உந்துகின்றது, பம்பி வேண்டியதில்லை. அந்நீர் எஞ்சினையும் புகைக்குழாயையும் சூழ்ந்த உறைகளிற் சுற்றி, பக்கத்துளையால் வெளியேறும். ஒரு பாசியிழை அவ்வாயை அடைப்பினும் குளிர்ச்சி நின்றுவிடும்.

மிகக் குளிர்வித்தலும் தவறே. விரைவுப் படகுகளில் புகைக்குழாயின் நீளம் அதனுள் ஓடும் ஒலியலைக்கு இசைய அமைக்கப்படுவது. 20 பாகை வளியிற் செக்கனுக்கு 343 மீற்றர் செல்லும் ஒலி, 400 பாகையில் ஏறத்தாழ 520 மீற்றர் செல்லும். வெப்பம் மாறின் இசைவும் மாறி எஞ்சின் வலுவிழக்கும். கல்லூரி ஆய்வுகூடத்திற் பரீட்சைக்கெனக் கற்ற ஒலியியல், முதுமையில் விளையாட்டுக்கு உதவுகின்றது!

கரையில் நிற்கும் நான் படகின் வேகத்தை நோக்குவதில்லை. பக்கத்துளையில் தெறிக்கும் நீரையே நோக்குகின்றேன். அது நின்ற கணமே எஞ்சினை நிறுத்திவிடுவேன். படகு நடுக்குளத்தில் தங்கினும், எரியாமல் மிஞ்சுமன்றோ? மாணவத் தம்பியரே, விரைவை விரும்புவோர் முதலில் வெப்பம் வெளியேறும் வழியை வகுத்துக்கொள்க.