திண்மத்தினூடு இலிதியம் செல்லும் வழி

மின்கலமெனின் அதனுள் யாதாயினுமொரு திரவமோ பசையோ இருத்தல் வேண்டுமென்றே எம்மிற் பலர் கல்லூரி ஆய்வுகூடத்திற் கற்றோம். இன்று எல்லார் சட்டைப்பையிலும் உள்ள கைத்தொலைபேசியின் இலிதியக் கலத்தினுள்ளும் பெரும்பாலும் திரவமே உளது. அஃது எளிதில் தீப்பற்றுஞ் சேதனத் திரவம். கலம் பழுதுற்றுச் சூடேறுமிடத்துப் பேராபத்தை விளைப்பது அதுவே. அதனை அகற்றி, எரியாத திண்மமொன்றை அவ்விடத்தே வைத்தல் கூடுமா என்பதே அறிஞர் முன்னுள்ள வினா.

திண்மத்தினூடு அயன் செல்லுமென்பது புதுமையன்று. மைக்கேல் பரடே 1830களிலேயே, சூடேற்றிய வெள்ளிச் சல்பைட்டு மின்னைக் கடத்தக் கண்டார். 1914இல் துபாண்டும் உலோரன்சும் ஆராய்ந்த வெள்ளி அயடைட்டு, 147 பாகை சதமவளவைக்கு மேல், உருகாமலே திரவமொப்பக் கடத்திற்று. இலிதியத்துக்கோ இத்தகைய வழி எளிதிற் கிட்டவில்லை.

காரணத்தை ஓர் உவமையாற் கூறுவோம். மண்டபத்தில் இருக்கைகள் யாவும் நிறைந்திருப்பின் எவரும் இடம்மாற இயலாது. சில இருக்கைகள் வெறுமையாயிருத்தல் வேண்டும். இடைவழியும் போதிய அகலமுடையதாதல் வேண்டும். இருக்கைகள் ஏறக்குறைய ஒரே தரத்தினவாதலும் வேண்டும். முன்வரிசை நாற்காலிகள் மட்டும் மெத்தையுடையனவாயின் அவற்றில் அமர்ந்தோர் எழார். பரிசளிப்பு விழாக்களில் யாம் கண்டதே இது. எனவே, பளிங்கின் செம்மையான ஒழுங்கைச் சற்றே குலைத்தலே கடத்துதிறனை உயர்த்தும் உபாயமாகும்.

இவ்வுண்மையை நன்கு விளக்குவது 2007இல் முருகன், தங்கதுரை, வெப்னர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு. முதலிரு பெயர்களும் எம் செவிக்கு இனியன. இலிதியம், இலந்தனம், சேர்க்கோனியம், ஒட்சிசன் என்பவற்றாலான அப்பொருள், எம் நாட்டிற் கிடைக்குங் கோமேதகத்தை ஒத்த பளிங்கமைப்பினது. அறை வெப்பநிலையில் அதன் கடத்துதிறன் சதமமீற்றருக்கு 0.0003 சீமென்சு. ஆயின் அதே பொருளை வேறு முறையில் ஆக்கியோர்க்கு அதில் நூறிலொரு பங்களவே கிட்டிற்று. அவர்தம் பளிங்கு சதுரமுகியாயிராது, ஒரு திசையிற் சற்று வேறுபட்டு, இலிதிய அயன்கள் தத்தம் இடங்களில் ஒழுங்காக அமர்ந்திருந்தது.

வேறுபாடு எங்கிருந்து வந்தது? புடக்குகையிலிருந்து! கடுஞ் சூட்டில் அலுமினாப் புடக்குகையின் அலுமினியம் சிறிதளவு பொருளினுட் புகுந்திருந்தது. அலுமினிய அயனொன்று மூன்று இலிதிய அயன்களின் ஏற்றத்தைத் தான் ஒன்றே சுமத்தலின், இரண்டு இடங்கள் வெறுமையாயின, ஒழுங்கு குலைந்தது, சதுரமுகி அமைப்பு அறை வெப்பநிலையிலும் நிலைத்தது. அழுக்கெனத் தள்ளத்தக்கதே உயிர்நாடியாயிற்று. பின்னர்த் தந்தலம், காலியம் முதலியவற்றை வேண்டுமென்றே சேர்த்துக் கடத்துதிறனை 0.001க்கு மேலும் உயர்த்தினர்.

2011இல் யப்பானில் கன்னோ குழுவினர் ஆக்கிய சேர்மானியமும் கந்தகமுஞ் சேர்ந்த பொருள் 0.012ஐ எட்டித் திரவத்துக்கே நிகராயிற்று. ஆனால் அது காற்றின் ஈரப்பற்றுப் பட்டால் ஐதரசன் சல்பைட்டென்னும் நச்சுவாயுவை வெளிவிடும், சேர்மானியமோ விலைமிக்கது. ஆதலின் எண்ணின் பெருமை ஒன்றையே நோக்கி ஓடுதல் போதாதென்பது எம் கருத்து. கோமேதக இனப் பொருளும் காற்றுப் பட்டவுடன் இலிதியங் காபனேற்றுப் போர்வையொன்றைப் போர்த்துக்கொள்கிறது. அதனைத் தேய்த்தகற்றிச் சூடேற்றினாலன்றி இலிதிய உலோகம் அதன்மேற் செவ்வனே படிவதில்லை. மணிகளுக்கிடையேயுள்ள வெடிப்புக்களூடு உலோக இழைகள் வளர்ந்து கலத்தைக் குறுக்கே இணைத்துக் கெடுப்பதும் உண்டு. உள்ளே விரைந்து சென்ற அயன் வாயிலில் நின்று தவிக்குமாயின் பயன் யாது?

பல்பகுதியங்களிலும் இதுவே கதை. பொலியெதிலீன் ஒட்சைட்டில் இலிதிய உப்பைக் கரைத்தாக்கும் மென்படலம் மின்வாயோடு நன்கு ஒட்டுமெனினும், ஏறத்தாழ 60 பாகைக்குக் கீழே பளிங்காகி இறுகிக் கடத்தாது சோம்பும். மிக நுண்ணிய அலுமினாத் தூளைக் கலந்து அவ்விறுக்கத்தைத் தளர்த்துவர். இவ்வகைப் படலங்கள் எம் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகின்றன.