அக்கா அங்கே, தங்கை இங்கே

சமூகவியல் வகுப்பில் புலம்பெயர்வுக்குத் 'தள்ளும் காரணி, இழுக்கும் காரணி' என்று சொல்லித் தருவார்கள். மலையகத் தமிழர்களைத் தள்ளியது இரண்டு பிரதமர்களின் கையெழுத்து. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி. பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள் என்பது மட்டும் பல ஒப்பந்த ஆய்வுகளில் காணாமல் போய்விடுகிறது.

அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை தரத்தான் நீலகிரியில் டான்டீ தோட்டங்கள் உருவாயின. பந்தலூர் பக்கம் லயன் வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவின் காகிதங்களோடு சில மாதங்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். ஒன்பது வயதில் பெற்றோரோடு 'அழுகைக் கோச்சி' ஏறியவர். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கதறிய கதறலில் அந்த ரயிலுக்கு அப்படிப் பெயர். தலைமன்னார், கப்பல், மண்டபம் முகாம், பிறகு மலை. அக்காவுக்கு அதற்குள் கல்யாணமாகித் தனி விண்ணப்பம். புருஷன் வீட்டார் இலங்கைக்குப் போட்டிருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக் கணக்கில் விழுந்தார்கள். 1984இல் கப்பலும் நின்றது. இப்போது வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறார்கள். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை நேரில் பார்க்கணும் என்கிறார் அந்த அம்மா.

அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1. யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் வயது மட்டும். ரேஷன் கார்டில் பெயரே வேறு மாதிரி.

அதே வீட்டில் பேரன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கல்லூரிக்கு எஸ்.சி. சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்வீகக் கிராமம் எது, அங்கே ரத்த உறவில் யாருக்காவது சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளைக்காரன் காலத்தில் கண்டிக்குப் போனவர். ஊர்ப் பெயரே ஞாபகத்தில் தேய்ந்துவிட்டது. எனக்கு ஆறாத கோபம் இங்கேதான். சொந்த ஊர் தேடிப் போன சில குடும்பங்களுக்கு ஊர்க்காரர்கள் எந்தச் சான்றிதழும் கேட்காமல் நேரே சேரிக்கு வழி காட்டினார்கள். ஒதுக்கி வைக்கக் காகிதம் தேவைப்படவில்லை. உரிமை என்று வந்தால்தான் முத்திரை வேண்டும். அங்கே கள்ளத்தோணி, இங்கே சிலோன்காரன்.

பிறப்பு, சாவு, கல்யாணப் பதிவுகளை குமாஸ்தா வேலை என்று நம் தோழர்கள் சிலர் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறப்பையும் சாவையும் 21 நாளுக்குள் சொன்னால் கட்டணமில்லை. ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். அதாவது கூடலூர் போய்வர ஒரு நாள் கூலி, சில சமயம் மூன்று நாள் கூலி. கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009லேயே சட்டம் வந்தும், லயன்களில் பலருக்குத் தெரியாது. லயனுக்குப் போனால் முழக்கத்துக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: வீட்டில் பதியாத பிறப்பு உண்டா, சாவு உண்டா?

அந்த அம்மாவின் விஷயத்தில் வழி இலங்கையிலிருந்தே வந்தது. அக்காவின் மகள் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, சித்தியின் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்துவிட்டாள். இலங்கைப் பிறப்புப் படிவம் பாட்டனார் அந்த மண்ணில் பிறந்தவரா என்று கேட்கும். யாரைக் குடிமகனாக்கக் கூடாது என்று கணக்குப் பார்த்த புத்தி அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆனால் அதே பதிவேடுதான் இந்தக் குடும்பத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறது. போனில் நகலைக் காட்டினேன். "அப்போ நான் ஆடியிலயா பொறந்தேன்?" என்று கேட்டுவிட்டு, அம்மா பெயர் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னார்.

அப்பா பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதற்கு நோட்டரி பிரமாணப் பத்திரம் போட வேண்டும். பேரனின் சான்றிதழுக்கு மேல்முறையீடும் தயார். புதன்கிழமை கூடலூர் போகிறோம், வர முடிந்தவர்கள் வாருங்கள்.