அசையாத கோடுகள்

கடலுக்கு வெகுதூரத்தில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூரில், அலையைக் காண விரும்பும் பிள்ளைகளுக்கு அல்சூர் ஏரியே சமுத்திரம். அதில் ஒரு கல்லை எறிந்தால், அலை வட்டமிட்டுக் கரையை நாடி விரைய, இடையே மிதக்கும் இலையோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலையுடன் பிரயாணம் செய்வது சக்தியேயன்றி நீரன்று என்ற முதற்பாடம் அதிலே சித்தித்துவிடும்.

மற்றப் பாடங்களுக்கு நான் மிருதங்கத்தையே சிபாரிசு செய்வேன். மல்லேசுவரத்தில் எங்கள் அண்டை வீட்டுச் சிறுவன், வீச்சு, அதிர்வெண், அலைநீளம் என்று பரீட்சைக்காக நெட்டுருப் போடுவதைக் கேட்கும்போதெல்லாம், அவன் மாலைதோறும் வாசித்துப் பழகும் வாத்தியம் அவற்றையெல்லாம் எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று வியப்பேன். ஓங்கித் தட்டினால் தோலின் வீச்சு பெருகி நாதம் வலுக்கிறது, சுருதியோ மாறுவதில்லை. விளிம்பிலுள்ள மூட்டைக் கல்லால் தட்டித் தோலை இறுக்கினால், விநாடிக்கு எத்தனை அசைவு என்னும் அதிர்வெண் ஏறி, சுருதியும் ஏறுகிறது. காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும்; ஆகவே விநாடிக்கு 170 அதிர்வுள்ள சுரத்தின் அலைநீளம் 2 மீட்டராகவும், அதன் மேல்ஸ்தாயிச் சுரத்தின் அலைநீளம் 1 மீட்டராகவும் அமைகின்றன.

1933இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்று இந்நகருக்கு வந்த சர் சி. வி. ராமன், மறு ஆண்டு தாம் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞான அகாடமி வெளியிட்ட சஞ்சிகையின் முதல் தொகுதியிலேயே, தபலா, மிருதங்கம் ஆகியவற்றின் நாத ரகசியத்தை ஆராய்ந்து எழுதினார். சாதாரண முரசின் தோலில் எழும் மேற்சுரங்கள் ஆதார சுருதிக்கு முழுஎண் விகிதத்தில் இசைவதில்லை. மிருதங்கத்திலோ நடுவில் ஏற்றிய கரணை என்னும் கரிய பூச்சின் பாரம் அவற்றை இசைய வைக்கிறது. தோலின்மேல் நுண்மணலைத் தூவிப் பார்த்தபோது, அசையும் பகுதிகளை விட்டு விலகிய மணல், அசையாத இடங்களில் கோடுகளாக ஒதுங்கியது. விளிம்பு மட்டும் அசையாதிருக்க, தோல் முழுவதும் ஒருசேர அதிர்ந்தால் ஆதார சுருதி. குறுக்கே ஒரு கோடு அசையாது நிற்க, இருபாதிகளும் எதிரெதிராக அதிர்ந்தால் அதன் இருமடங்கு.

செவியொன்றையே பிரமாணமாகக் கொண்டு கரணையிட்ட தொழிலாளர்கள் இக்கோடுகளைக் கண்டவர்களல்லர். ஆயினும் அவர்கள் கை அவற்றுக்குக் கட்டுப்பட்டே உழைத்தது. பௌதிகம் பயிலும் பிள்ளையிடமும் ஆசிரியர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: அலை எங்கே அசைகிறது என்று எவரும் சொல்வர், அது எங்கே அசைவதில்லை, ஏன்?