ஹெண்ட்ரிக்ஸ் பெயரில் ஒரு மின்சுற்று

மின்கிட்டார் வாசிப்பவர்களில் ஒரு சாரார் கடையில் கிடைக்கும் பெடல்களோடு நிறைவடைவதில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்கின்றனர். காலால் அழுத்தி இயக்கும் சிறு உலோகப் பெட்டி, அதனுள் ஒரு மின்சுற்று. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் இருந்து ஓசையின் தன்மையை மாற்றுவது அதன் வேலை. நான்கு ஆண்டுகளாக இத்தகையோரின் நட்பு எனக்கு உண்டு. சுமாராக வாசிப்பேன், சால்டரிங் அயர்னும் பிடிப்பேன். ஆனால் மொழியியல் படித்தவன் காதில் முதலில் விழுந்தது அவர்களுடைய சொல்வழக்குதான். ‘இரண்டு டிரான்சிஸ்டர் பெருக்கி செய்கிறேன்’ என்று ஒருவரும் சொல்வதில்லை. ‘ஹெண்ட்ரிக்ஸ் ஃபஸ் செய்கிறேன்’, ‘கில்மோர் மஃப் பாதியில் நிற்கிறது’, ‘பிரையன் மே பூஸ்டருக்கு ஒரு டிரான்சிஸ்டர் தேடுகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

நம் இலக்கணத்தில் இதற்கு நெருக்கமான வகை கருத்தாவாகுபெயர். ‘திருவள்ளுவர் படித்தேன்’ என்றால் திருவள்ளுவர் இயற்றிய நூலைப் படித்தேன் என்று பொருள். செய்தவர் பெயர் செய்பொருளுக்கு ஆகி வருகிறது. ஆனால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அந்த மின்சுற்றைச் செய்தவர் அல்லர், அதன்வழி வாசித்தவர். கருத்தா அமர வேண்டிய இடத்தில் பயன்படுத்தியவர் அமர்ந்திருக்கிறார். செய்தவர்களுக்கு இது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. அதே வேளையில், அந்த அநீதியைச் சரிசெய்யும் வழியும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது என்பதை இந்த நண்பர்களிடம் கண்டேன். அதைப் பற்றியே இந்தப் பதிவு.

ஃபஸ் என்ற ஓசையின் வரலாறே பெயர்கள் மறைந்த வரலாறு. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்றின் ஒலிப்பதிவில் கிரேடி மார்ட்டின் வாசித்த கிட்டார், ஒலிக்கலவை மேசையில் ஏற்பட்ட பழுதினால் கரகரத்துச் சிதைந்து பதிவாயிற்று. அந்தச் சிதைவை அப்படியே விட்டுவைத்தனர். ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னோடி, அதே கரகரப்பை வேண்டும்போது எழுப்பும் சுற்றொன்றை உருவாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று அந்த ஓசை கீத் ரிச்சர்ட்ஸின் ஓசை. ஸ்னோடியின் பெயரைச் சொன்னால் கிட்டார் வாசிப்பவர்களிலேயே பலர் விழிப்பார்கள். பெடலைத் தம் கையால் செய்தவர்கள் மட்டும் விழிப்பதில்லை.

ஏன் என்று பார்த்தால், காரணம் எளியது. ஒரு சுற்றைச் செய்ய வேண்டுமானால் அதன் வரைபடம் வேண்டும். வரைபடத்தைத் தேடினால் ஒன்றுக்குப் பதிலாக ஐந்து கிடைக்கும். ஒன்றில் ஒரு மின்தடையின் மதிப்பு 330 ஓம், மற்றொன்றில் 470. எது மூலம், எது பிற்காலத் திருத்தம்? பழைய ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிக்கும் பதிப்பாசிரியருக்கும் இவர்களுக்கும் முறையில் வேறுபாடு அதிகமில்லை. லண்டனில் கேரி ஹர்ஸ்ட் 1965இல் செய்த டோன் பெண்டர், மேஸ்ட்ரோவின் வழிவந்தது. அதன் பின்வந்த இரண்டு டிரான்சிஸ்டர் வடிவத்துக்கும், ஆர்பிட்டர் நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸுக்கும் உள்ள உறவு, வரைபடங்களை அருகருகே வைத்தாலே தெரிந்துவிடும். ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் இருந்த அந்த வட்டப் பெட்டி ஒரு மரபின் பிற்காலப் பிரதி. விசிறியாகத் தொடங்கியவர் இவ்விடத்தில் தம்மை அறியாமலேயே ஆய்வாளராகிவிடுகிறார்.

ஃபஸ் ஃபேஸின் உட்புறம் ஏமாற்றமளிக்கும் அளவுக்கு எளிமையானது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், நான்கு மின்தடைகள், மூன்று மின்தேக்கிகள், இரண்டு திருகுகள். மொத்தம் பதினோரு உறுப்புகள். ஒலியலையின் முகடுகளை வெட்டித் தட்டையாக்கி மேற்சுரங்களைப் பெருக்குவது மட்டுமே அதன் பணி. ஆனால் இந்த எளிமையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஒலியியலில் நாங்கள் மூலம், வடிகட்டி என்று பிரித்துக்கொண்டு தொடங்குவோம்: குரல்வளை மூலம், அதற்கு மேலுள்ள குழிவுகள் வடிகட்டி, இரண்டும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பது முதற்கோள். கிட்டார், பெடல் என்று பார்க்கும்போதும் அப்படித்தான் தோன்றும். ஃபஸ் ஃபேஸ் அதற்கு இணங்குவதில்லை. அதன் உள்ளீட்டு மின்மறிப்பு மிகக் குறைவாதலால், கிட்டாரின் கம்பிச்சுருளும் அதன் ஒலியளவுத் திருகும் சுற்றின் பகுதிகளாகவே ஆகிவிடுகின்றன. திருகைச் சற்றே தணித்தால் கரகரப்பு விலகி, கண்ணாடி போன்ற தெளிவு பிறக்கும். ஹெண்ட்ரிக்ஸ் வாசிக்கையில் இடையிடையே அந்தத் திருகைத் தொட்டதன் பொருள், பெட்டியைச் செய்துமுடித்து அதனுடன் கிட்டாரைப் பொருத்திய பிறகுதான் பலருக்குப் புலப்படுகிறது. பெட்டியைப் பிரதியெடுக்கப் போனவர், பதினோரு உறுப்புகளில் அடங்காத பன்னிரண்டாவது உறுப்பாக ஒரு கை இருப்பதைக் காண்கிறார்.

என் நண்பர் வட்டத்தில் இவ்விஷயத்தில் மூத்தவர் விடுதியில் அடுத்த அறையில் இருந்த இயற்பியல் ஆய்வாளர், திருநெல்வேலிக்காரர். அண்ணன் என்றே அழைப்பேன். டெல்லியில் உறுப்புகள் வாங்கச் செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தைக்குப் போவோம். மின்தடையும் மின்தேக்கியும் கைப்பிடியாகக் கிடைக்கும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்தான் அரிது. அறுபதுகளின் பெடல்கள் ஜெர்மேனியத்தால் ஆனவை. உலகம் பின்னர் சிலிக்கானுக்கு மாறிவிட்டது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒருகாலத்தில் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்து, இந்திய வானொலிப் பெட்டிகளுக்கு அளித்தது. ஆகவே பழைய வானொலிகளைப் பிரித்து விற்கும் கடைகளில் அண்ணன் நெடுநேரம் நிற்பார். ‘பாட்டுக் கேட்ட பெட்டியில இருந்துதான் எடுக்குறோம், வேற எங்கயும் இல்ல’ என்பார், குற்றவுணர்ச்சியைத் தணித்துக்கொள்வது போல.

அவர் செய்த முதல் ஜெர்மேனியம் ஃபஸ் ஒரு ஜனவரியில் நிறைவுற்றது. மிக அழகாக ஒலித்தது. மே மாத இறுதியில் அதே பெட்டி, அதே மின்கலம், அதே கிட்டார். ஓசையோ இருமிக்கொண்டு அறுந்து அறுந்து வந்தது. ஜெர்மேனியத்தில் கசிவு மின்னோட்டம் வெப்பநிலை ஏறக்குறைய பத்துப் பாகை உயரும்போதெல்லாம் இரட்டிக்கும். 15 பாகைக் குளிரிலிருந்து 45 பாகைக்குப் போனால் எட்டு மடங்கு. இரண்டாம் டிரான்சிஸ்டரின் மின்னழுத்தம் 4.5 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும், அது நிலைபெயர்ந்துவிடுகிறது. ‘தம்பி, இது லண்டன் குளிருக்குச் செஞ்ச சரக்கு. டெல்லி வெயிலுக்கு நாமதான் மாத்தணும்’ என்று சொல்லி, மாறா மின்தடை ஒன்றை எடுத்துவிட்டு அவ்விடத்தில் சரிசெய்யக்கூடிய சிறு திருகொன்றை வைத்தார். இப்போது அதற்குக் கோடைநிலை, குளிர்நிலை என இரண்டு குறிகள் உண்டு. ஹெண்ட்ரிக்ஸின் ஓசையைத் தேடிச் சென்றவர், ஹெண்ட்ரிக்ஸுக்குத் தேவைப்படாத ஒன்றைச் செய்யும்படி ஆயிற்று. இந்த இரண்டு குறிகளையே நான் அந்தப் பெட்டியின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன்.

அண்ணனின் மேசைக்கு மேல் ஹெண்ட்ரிக்ஸ் படம் ஒன்று இருந்தது. சில மாதங்களுக்குப் பின் அதன் ஓரத்தில் பென்சிலால் ரோஜர் மேயர் என்று எழுதியிருந்தார். மேயர் பிரித்தானியக் கடற்படைத் துறையில் அதிர்வு, ஒலி ஆய்வுகளில் பணியாற்றியவர். ஹெண்ட்ரிக்ஸுக்காகப் பெடல்களைத் திருத்தியும் புதிதாகச் செய்தும் தந்தார். 1967இல் வந்த ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலின் தனிவாசிப்பில், சுரத்தோடு அதன் மேல்தாயியும் சேர்ந்து ஒலிக்கக் காரணமான ஆக்டேவியா அவருடைய படைப்பு. இவ்வாறே ஸ்டீவி ரே வானின் பெயரோடு ஒட்டிக்கொண்ட டியூப் ஸ்கிரீமருக்குப் பின்னால் சுசுமு தமுரா என்ற ஜப்பானியப் பொறியாளர் இருக்கிறார். அதைப் பிரதியெடுத்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு கட்டத்தில் அந்தப் பெயரைச் சந்தித்திருப்பார்கள்.

வாசித்தவரும் செய்தவரும் ஒருவராகவே அமைந்த அரிய நிகழ்வும் உண்டு. பிரையன் மே தம் கிட்டாரைத் தந்தையுடன் சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கினார். அதன் கழுத்து, பழைய கணப்படுப்பின் மரத்திலிருந்து வந்தது. அவருடைய குழுவைச் சேர்ந்த ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். குப்பைத் தொட்டியில் கிடந்த சுற்றுப்பலகை ஒன்றை எழுபதுகளின் தொடக்கத்தில் எடுத்துவந்து, ஒரு சிறு ஒலிபெருக்கி செய்தார். குவீன் குழுவின் பதிவுகளில் வயலின் போலவும் ஊதுகருவிகள் போலவும் ஒலிக்கும் சில கிட்டார் பகுதிகள் அதன்வழி வந்தவை. அதன் உள்ளேயும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களே. (இடைக்குறிப்பு: பிரையன் மே 1970இல் தொடங்கிய வானியற்பியல் முனைவர் பட்ட ஆய்வை 2007இல் நிறைவுசெய்தார். நெறியாளரிடம் கால நீட்டிப்புக் கேட்கும் நண்பர்கள் குறித்துக்கொள்க.)

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. அதை மறைத்தால் இந்தப் பதிவு ஆர்வலர்களின் புகழ்ச்சியாகிவிடும். பில் ஃபின்னகன் என்பவர் 1994இல் வெளியிட்ட கிளான் சென்டார் என்ற பெடலின் உட்புறத்தைக் கெட்டிப் பிசினால் மூடியிருந்தார். சுற்று வெளியே தெரியக்கூடாது என்பதே நோக்கம். ஏறத்தாழ 8,000 பெடல்கள் மட்டுமே செய்யப்பட்டன. ஆர்வலர்கள் பிசினைப் பெயர்த்து, சுற்றை வரைந்து, அனைவருக்கும் பொதுவாக்கினர். அறிவு பூட்டப்படக் கூடாது என்பது கட்டணச் சுவருக்கு முன் நின்று தவிக்கும் நம் போன்றோருக்கு இனிக்கும் வாதம்தான். ஆனால் இங்கே பூட்டியவர் பெருநிறுவனம் அல்லர். தம் கையால் செய்து விற்ற ஒரு தனிமனிதர். மறைந்துபோன பெயர்களை மீட்கும் அதே ஆர்வம், வாழ்ந்துகொண்டிருப்பவரின் பிழைப்பில் கைவைக்கவும் கூடும். அண்ணன் இதில் என்னோடு உடன்படவில்லை. வரைபடம் எப்படியும் வெளிவந்திருக்கும் என்பது அவர் தரப்பு. எனக்கோ, எப்போது வெளிவந்தது என்பதும் யார் முடிவுசெய்தார் என்பதும் பொருட்படுத்த வேண்டியவை.

இக்கேள்வி என் ஆய்வுக்குள்ளும் வந்துவிட்டது. களப்பணியில் எனக்குச் சொற்களைத் தந்த மூதாட்டி ஒருவர், ‘இதுல எம்பேரு வருமா?’ என்று கேட்டார். நெறிமுறைப் படிவத்தின்படி அவர் ‘தகவலாளர் 7’. ஆய்வேடு வெளியானால் அச்சொற்கள் என் பெயரால் மேற்கோள் காட்டப்படும். அதுவும் ஒரு கருத்தாவாகுபெயர், அதிலும் கருத்தா நான் அல்லேன். பெயர் மறைப்பு பலருக்குப் பாதுகாப்பு என்பதை அறிவேன். பெயர் வர விரும்புபவருக்கும் அதையே விதியாக்குவது எப்படிச் சரியாகும்? விரும்புவோர் தம் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் ஒப்புதல் பகுதி ஒன்றைச் சேர்த்துப் படிவத்தை மீண்டும் அளித்தேன், குழு ஏற்றுக்கொண்டது. அவர் பெயர் நன்றியுரையில் மட்டுமின்றித் தரவு அட்டவணையிலும் வரும்.

அண்ணன் இப்போது டீக்கனின் ஒலிபெருக்கியைச் செய்ய முனைந்திருக்கிறார். அதற்குப் பொருத்தமான ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களும் சிறு மின்மாற்றிகளும் சந்தையில் அகப்படவில்லை. எவர் வீட்டிலாவது பழுதுபட்ட பழைய டிரான்சிஸ்டர் வானொலி பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எந்த ஊர், யாருடைய வானொலி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெட்டியின் மூடிக்கு உட்புறம் அதைக் குறித்து வைப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.